நாற்பத்தோராம் கேமரா பார்த்தது

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுவதும் வளையத்தோடு மல்லுக்கட்டு. வட்டமாக நிற்கும் கம்பியில் அறுபத்து நான்கு கேமராக்கள். நடுவில் நட்ட கோலின் ஒரே புள்ளியை எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்று அரை விரல் விலகினாலும் போச்சு.

மகளுக்கு விளக்கினேன்: ஒரு பொத்தான், அறுபத்து நான்கு படம், எல்லாம் ஒரே கணத்தில். வரிசையாக ஓட்டினால், குதிக்கிற அக்கா அந்தரத்தில் நிற்க, நாம் அவளைச் சுற்றி வருகிற மாதிரி தெரியும்.

"அந்தக்கா கீழயே வரமாட்டாங்களாம்மா?"

"படத்துல மட்டும்தான்டி."

அண்ணன் ஸ்டூடியோ. அண்ணன் வீட்டு மாடி. இவள் அப்பா எங்களை விட்டுப்போன பிறகு மூன்று வருடமாக இப்படித்தான். அண்ணன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் இன்னும் கனம்.

மார்ச் 5, வியாழன்

குதிப்பவள் முதுகில் மாட்டும் கயிற்றுக் கொக்கியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன்.

"திங்கக்கிழமை புதுசு வருது. நாளைக்கு ஒரு நாள் தாங்கும். நீ கேமராவைப் பாரு."

பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பட்டாசு விழுந்துவிட்டாள்.

ஷூ விளம்பரம். பத்து வருடமாகச் சண்டைக் காட்சிகளில் குதிப்பவள். வாய் ஓயாததால் எல்லோருக்கும் பட்டாசு. மேடையிலிருந்து பாய்ந்தாள், உச்சியில் நான் பொத்தானை அழுத்தினேன், அடுத்த கணம் மெத்தைக்கு வெளியே, சிமெண்ட் தரையில். இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. வேனில் ஏற்றும்போது, "ஷாட் வந்துடுச்சாக்கா?" என்கிறாள்!

ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை? அந்தக் கொக்கியைத் தூக்கி எறிந்திருக்கலாமே. பாவி, பாவி.

மார்ச் 7, சனி

"அவ கொக்கியை மாட்டவே இல்ல சார், அவசரக் குடுக்கை" — விளம்பரக் கம்பெனிக்காரரிடம் அண்ணன் போனில்.

படங்களைத் திறந்தேன். முன்பக்கக் கேமராக்களில் முகமும் ஷூவும்தான். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று மட்டும் முதுகைப் பார்ப்பவை.

மாட்டியிருக்கிறாள். கொக்கி வாய் பிளந்து, முதுகுப் பட்டை பாதி நழுவி நிற்கிறது.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போடச் சொல்லி. அவள் மாட்டாமல் குதித்ததை நான் கண்ணால் பார்த்தேனாம்.

"இது பொய்ண்ணே. மாட்டினது மூணு கேமராவுல தெளிவா இருக்கு."

"தெரியும். உண்மையைச் சொன்னா ஸ்டூடியோவை இழுத்து மூடணும். நீயும் உம்பொண்ணும் எங்கம்மா நிப்பீங்க? அந்த மூணு படத்தையும் அழிச்சிடு."

மிரட்டியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"அவளை இனிமே யாரு வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

"கால் சேரட்டும், பாத்துக்கலாம்."

மாடிக்கு வந்தேன். என் கட்டில், என் ஜன்னல், என் துணிக்கொடி. எது என்னுடையது? விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை. அழிக்கவுமில்லை. சாப்பிடவுமில்லை.

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரி. பட்டாசு பேசாமல் படுத்திருந்தாள். பேசாமல்! பிறகு மெதுவாக,

"நான்தான் மறந்துட்டேன் போலக்கா. மாட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாரும் இல்லன்னு சொல்றாங்களே... எனக்கே சந்தேகமாயிடுச்சு."

என்னால் தாங்க முடியவில்லை.

"மாட்டினேடி. நீ மாட்டினே."

போனில் நாற்பத்தோராம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்பாடா" என்றாள்.

மார்ச் 12, வியாழன்

மூன்று படங்களையும் கம்பெனிக்காரருக்கு அனுப்பினேன். பிறர் சொல்லித் தெரியக் கூடாதென்று நானே போய் அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார், கை ஓங்குவார் என்று நின்றேன்.

"சாவியை வெச்சிட்டுப் போ."

அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு

புது இடம். ஒரு அறை, குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் வேலை கிடைத்தது. அண்ணி குக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்கண்ணனுக்குத் தெரியாது" என்றாள். தெரிந்தால்தான் என்ன?

ஸ்டூடியோ மூடப்படவில்லை. அந்தக் கம்பெனி மட்டும் விலகிக்கொண்டதாம்.

மகள் இன்னும் "நம்ம வீட்டுக்கு எப்போ போறோம்" என்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பட்டாசு கோலூன்றி நடக்கிறாள். இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம், கால் ஆறியதும் வரச் சொல்லி.

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன். ஒன்பதாம் கேமரா பிந்திப் பிந்திப் படம் எடுக்கிறதாம், என்ன செய்யலாம் என்று.

"வயரை மாத்திப் பாக்கச் சொல்லுங்கண்ணி."

"அதெல்லாம் மாத்தியாச்சு." குரலைத் தாழ்த்தினாள். "சும்மா சாக்கு. உங்கண்ணன் பக்கத்துலதான் நிக்கிறாரு. பேசறியா?"

பேசத்தான் ஆசை. நாக்கு நுனிவரை வந்தது.

"பட்டாசுகிட்டப் பேசிட்டாரா?"

"...இல்ல."

"முதல்ல அங்க பேசச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். பின்னல் கோணலாகிவிட்டது, அவிழ்த்து மறுபடி பின்னினேன். பாதியில் மீண்டும் போன்.

"அவ வீடு எங்கன்னு கேக்கறாரு."

சொன்னேன். பெட்ரோல் பங்கைத் தாண்டி இரண்டாவது சந்து, பச்சைக் கதவு. தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அவள் எழுந்து வர நேரமாகும்.