துண்டுக்குள் இல்லாத இரண்டு விரல்

மாசி 9, திங்கள்

காலையிலிருந்தே வறண்ட காற்று. புது மிளகாய் வத்தல் வரத்து ஆரம்பம். விடியும் முன்னே சந்தைப் பேட்டைக்கு வண்டிகள். வீட்டுக்குள் உட்கார்ந்தே தும்முகிறோம், நானும் என் பெண்டாட்டி வள்ளியும்.

வியாழக்கிழமை மதுரையில் வாய்தா. லாரி மோதின நஷ்டஈட்டு வழக்கு.

தினமும் எழுதச் சொல்லி டாக்டர் உத்தரவு. கை இறுகாமல் இருக்குமாம். பென்சிலைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கி எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி சமயம். மல்லாங்கிணற்றில் வத்தல் பார்த்துவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வெடி லோடு லாரி. சீசன் அவசரம். முன்னால் போன மாட்டு வண்டியை முந்துகிறேன் என்று என் பக்கம் ஏறி வந்துவிட்டது. சைக்கிள் பள்ளத்தில். நான் ரோட்டு ஓரத்தில். கை மட்டும் ரோட்டில்.

இரண்டு விரல்தானே என்கிறார்கள். நான் வத்தல் தரகன். விலையை வாயால் சொன்னால் பேட்டை முழுக்கக் கேட்டுவிடும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையைப் பிடித்துத்தான் பேச்சு. ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று. நடுவிரலும் சேர்ந்தால் இரண்டு. மோதிர விரலும் சேர்ந்தால் மூன்று, சுண்டு விரலும் சேர்ந்தால் நான்கு. என் கையில் ஒன்றும் இரண்டும் இல்லை. மூன்று எங்கிருந்து வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரே ஒரு நாள் பேட்டைக்குப் போனேன். வத்தல் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரி ஒருவர் என் கையில் மிச்சமிருந்த இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் இரண்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது நான்கு. சரக்கு கைமாறின பிறகு சண்டை, ஏச்சு. அதிலிருந்து யாரும் எனக்குத் துண்டு விரிப்பதில்லை. “வாயால சொல்லுங்க அண்ணாச்சி” என்கிறார்கள் இரக்கமாக. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. இடது கையை நீட்டலாமே என்று டாக்டர் கேட்டார். நல்ல மனுஷர், வெளியூர். இடது கையில் விலை பேச எவனும் வரமாட்டான்.

கை வலி. இவ்வளவு போதும்.

மாசி 10, செவ்வாய்

வெயில். வக்கீல் குமாஸ்தா வந்தார், காப்பி குடித்தார், இன்னொரு காப்பியும் குடித்தார். எதிர்த் தரப்பு மனுவை வாசித்துக் காட்டினார்.

“மனுதாரர் தானே குறுக்கே வந்து விழுந்தார். மேலும் அவர் தரகுத் தொழில் செய்பவர். அதற்கு வாய் ஒன்றே மூலதனம். விரல்களை இழந்ததால் வருமானம் குறைய ஏதுவில்லை.”

கீழே கையெழுத்து, லாரி முதலாளி அய்யாத்துரை அண்ணாச்சி.

திருத்தங்கல்காரர். லாரி வைத்திருக்கிறார், வத்தலும் வாங்குகிறார். எத்தனையோ வருஷம் என் விரலைப் பிடித்து விலை பேசின ஆள். அன்றைக்கு டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஓடி வந்து என்னைத் தூக்கினவரும் அவரே. தன் துண்டைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டி, அதே லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் “தம்பி, கண்ணை மூடிராத” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த மனுஷர் போட்ட கையெழுத்து இது.

குமாஸ்தா: “இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிக் குடுத்திருக்கும், இவரு போட்டிருப்பாரு. தப்பு தன் மேலன்னு இவரு ஒத்துக்கிட்டா கம்பெனி கையை விரிச்சிரும்லா. பூராவும் இவரு தலையில விழும்.”

இருக்கட்டும். அதற்காக வாய் ஒன்றே மூலதனமா.

போகும்போது குமாஸ்தா யோசனை வேறு சொன்னார். “ஜட்ஜ் முன்னால கையைக் கொஞ்சம் பாவமா வச்சுக்கிடுங்க.” கையைப் பாவமாக எப்படி வைப்பது. செருப்பைத் தேடுவது போல எழுந்துபோய்விட்டேன்.

மதுரைக்கு: ஆஸ்பத்திரிச் சீட்டு. வெள்ளை வேட்டி. புளிச்சோறு. துண்டு.

மாசி 11, புதன்

மைத்துனன் வந்திருந்தான். பணம் வந்தால் மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்தில் கடை போடச் சொல்கிறான். கலர் சோடா, வெற்றிலை, பீடி. பேட்டையை மறந்துவிடுங்கள் என்றான். நானும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

வள்ளி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என் கை போனதிலிருந்து வீடெல்லாம் நீலத்தாளும் பசையும்தான். அவள் ஒட்டுகிறாள், நான் சாப்பிடுகிறேன். இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னாலாவது தேவலை.

மைத்துனன் போனபின் சொன்னாள்: “கடையா? கடன் கேட்டு வாரவுகளை எல்லாம் ஏசியே வெரட்டிருவீக. ஒரு மாசம் தாங்காது.”

“பெறகு என்ன செய்யச் சொல்லுத?”

“நான் என்னத்தைக் கண்டேன். ஆனா பேட்டைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டா உங்க தலை தன்னால திரும்புது. அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

நாளை மதுரைக்கு முதல் ரயில்.

மாசி 12, வியாழன்

மதுரை. கோர்ட்டு வராந்தா. இன்னும் கூப்பிடவில்லை. புளிச்சோறு தீர்ந்தது. வக்கீல் வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்.

தூண் பக்கத்தில் அய்யாத்துரை அண்ணாச்சி. என்னைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். நானும் அப்படியே. இளைத்திருக்கிறார்.

அதே நாள், திரும்பும் ரயில்

ரயில் ஆடுகிறது. பாதகமில்லை. இன்றே எழுதிவிட வேண்டும்.

கூப்பிடுவதற்குச் சற்று முன் அண்ணாச்சி கிட்டே வந்து உட்கார்ந்தார். “தம்பி, கோர்ட்டுல போயி எதுக்குச் சந்தி சிரிக்கணும். நம்மளுக்குள்ள ஒரு தொகையைப் பேசி முடிச்சுக்கிடுவோம்.”

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எங்கள் இருவர் மடிக்கும் நடுவே போட்டார். உள்ளே கையை விட்டார்.

தொகை பேசுவது என்றால் துண்டு. வேறு எப்படிப் பேசுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யோசிக்கவே இல்லை. நானும் வலது கையை உள்ளே நீட்டிவிட்டேன்.

அவர் விரல்கள் வந்தன. ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் தடவின. கொஞ்சம் தள்ளித் தடவின. திரும்பவும் முதல் இடத்துக்கு வந்தன. பிறகு அப்படியே நின்றுவிட்டன.

கையை எடுக்கவும் இல்லை. அமுக்கவும் இல்லை. துண்டுக்கு மேலே முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு லாரியில் “கண்ணை மூடிராத” என்று சொன்ன அதே முகம்.

“எங்கனன்னு பிடிக்க” என்றார், தனக்குத்தானே. துண்டை எடுத்து உதறினார், மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும். இரண்டையும் விழுங்கிவிட்டேன்.

விசாரணை. முதலில் நான். கையைப் பாவமாக எல்லாம் வைக்கவில்லை. அப்புறம் அவர் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் கேட்டார்: “தரகர் வேலை வாயால் செய்வதுதானே?”

“இல்லீங்க.”

வக்கீலுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. மறுபடி கேட்டார்.

“இல்லீங்கய்யா. விரலுதான். நானே இவரு விரலைப் பிடிச்சு யாவாரம் பண்ணுனவன். இப்பம் வெளிய பிடிக்கப் போனேன். அங்கன ஒண்ணும் இல்ல.”

வக்கீல் மனுவைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானே என்றார். ஆமாம், போட்டது தப்பு என்றார் அண்ணாச்சி. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். “யோசித்துத்தான் பேசுகிறீரா? கம்பெனி பிறகு உம்மிடம் திரும்பும்.”

“திரும்பட்டுங்க. அன்னிக்கு நானும் வண்டியில இருந்தேன். மாட்டு வண்டியை முந்தப்போயி எங்க வண்டிதான் அவரு பக்கம் ஏறிச்சு. வெரசாப் போன்னு டிரைவரை முடுக்குனதும் நாந்தான்.”

கம்பெனி வக்கீல் காகிதங்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். தீர்ப்பு அடுத்த மாதம்.

வெளியே வந்து தேடினேன். அண்ணாச்சி போய்விட்டார்.

திருமங்கலம் தாண்டியாயிற்று. கை வலிக்கவில்லை. இப்போதுதான் கவனிக்கிறேன்.

மாசி 13, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. வள்ளியிடம் சொன்னேன். ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “அந்த மனுசன் வீட்டுல இன்னிக்கு என்ன பாடோ” என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

பங்குனி 8, செவ்வாய்

அனல். தீர்ப்பு வந்துவிட்டது. குமாஸ்தா சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலிலேயே சொன்னார். தப்பு லாரி மேல்தான். கேட்டதில் பாதிக்குச் சற்று மேலே. கம்பெனியே கொடுக்க வேண்டும். அண்ணாச்சி பேச்சைச் சாக்குவைத்து கம்பெனி தப்பிக்கப் பார்த்ததாம், ஜட்ஜ் விடவில்லை. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்க முடியாது என்றாராம்.

அண்ணாச்சி தலையில் விழவில்லை. என் பணத்தை விட முதலில் இதற்குத்தான் மூச்சு வந்தது. வினோதம்தான்.

குமாஸ்தாவுக்கு இரண்டு காப்பி, கேட்காமலேயே.

வள்ளி: “இந்தப் பசையைத் தூர ஊத்திரவா?”

ஊற்று என்றேன். சட்டியைத் தூக்கினாள், கீழே வைத்தாள். “வாங்குன தாளு மிச்சம் கெடக்கு. அதை மட்டும் முடிச்சிருதேன்.” இருவரும் சிரித்தோம். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

வட்டிக்கடையிலிருந்து வள்ளி வளையலை மீட்க வேண்டும். மைத்துனனுக்கு எழுத வேண்டும். கடை பற்றி என்ன எழுதுவது. தெரியவில்லை.

பங்குனி 10, வியாழன்

சூடு. வத்தல் நெடி. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பேட்டைக்குப் போனேன். வள்ளிக்குச் சிரிப்பு. “சும்மாதான, போயிட்டு வாங்க” என்றாள்.

உள்ளே நல்ல கூட்டம். ஓரமாக நின்றேன். மல்லாங்கிணற்றுச் சம்சாரி ஒருவரின் சரக்கு, நல்ல நிறம், ஒடித்தால் விதை உதிராத பதத்துக்குக் காய்ந்தது. பக்கத்தில் அய்யாத்துரை அண்ணாச்சி. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

“சுப்பையா, இங்கன வா. இந்தச் சரக்கைப் பேசி முடி.”

பேட்டை திரும்பிப் பார்த்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவரே வந்தார். துண்டை விரித்தார், எல்லார் முன்னாலும். உள்ளே என் வலது கையைப் பிடித்தார். ஆள்காட்டி விரல் இருந்த இடத்து முட்டியை ஒரு அமுக்கு.

“இது ஒண்ணு” என்றார் மெதுவாக. அடுத்த முட்டியையும் சேர்த்து அமுக்கினார். “இது ரெண்டு. மத்ததெல்லாம் பழசுபோல. என்ன சொல்லுத?”

தலையை ஆட்டினேன்.

சம்சாரிக்கும் அதைச் சொன்னேன். அவர் ஒரு தடவை பிழையாகப் பிடித்தார், மறு தடவை சரியாகப் பிடித்தார். முடிந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் துண்டு விரித்தார்கள். ஒருவர், அன்றைக்கு ஏசிவிட்டுப் போன அதே சம்சாரி.

வீட்டுக்கு வந்ததும் வள்ளி கேட்டாள். “அண்ணாச்சி சரக்கு என்ன வெலைக்கு முடிஞ்சது?”

துண்டுக்குள் பேசினது. அவளிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதுவதாக இல்லை.