வலப்பக்கம் ஓடும் ஊர்

மஸ்கட்
8-9-1995

அன்புள்ள ருக்மணிக்கு,

நான் நலம். நீயும் குழந்தை அக்ஷயாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். லாரி லைசென்ஸ் எழுத்துப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டேன். காங்கேயத்தில் கொப்பரை லோடு ஏற்றிப் பம்பாய் வரை ஓட்டியவன், இங்கே வந்து இரண்டு வருஷமாக சிமென்ட் மூட்டை சுமக்கிறேன்.

இந்த ஊரில் வண்டியெல்லாம் ரோட்டின் வலப்பக்கம் ஓடுகிறது. கேள்வியைப் படித்தால் கை தானாக நம்ம ஊர்ப் பதிலுக்குப் போகிறது. புத்தகம் வேறு இங்கிலீஷ். எட்டாவதோடு நின்றவனுக்குத் தலை சுற்றுகிறது. மூன்றாம் தடவையும் தோற்றால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும்.

புத்தகத்தில் இருக்கும் கேள்வி பதிலையெல்லாம் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ காலேஜ் வரை போனவள். எனக்குப் புரிகிற தமிழில் எழுதி அனுப்பு.

உன்,
காளிச்சாமி

கோவை
24-9-1995

அன்புள்ள மாமாவுக்கு ருக்மணி எழுதுவது,

பம்பாய் வரை ஓட்டியவர் ஒரு புத்தகத்துக்குப் பயப்படலாமா? எல்லாவற்றையும் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நம்ம ஊர்ப் பழக்கத்தை அடியோடு மறக்க வேண்டும், அதுதான் வழி. ரோட்டைக் கடக்கும்போது அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

உக்கடத்துத் தையல் கடைக்கு வேலைக்கு நடக்கும்போதெல்லாம் நானும் மஸ்கட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிப் பார்க்கிறேன். கடைக்காரர் அப்துல் கையூம் பாய், "என்னம்மா, வாய்க்குள்ளயே பேசிக்கிட்டு வாரே?" என்று சிரிக்கிறார்.

எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது மாமா. பிரிந்து இருந்ததெல்லாம் வீணாகிவிடக் கூடாது. பாஸாகிவிடுங்கள்.

அன்புடன்,
ருக்மணி

மஸ்கட்
20-10-1995

அன்புள்ள ருக்மணிக்கு,

நீ எழுதிய தாள்கள் மடித்து மடித்துக் கந்தலாகிவிட்டன. மூட்டை இறக்கிவிட்டு வந்து படுத்தபடியே படிக்கிறேன். பாதியில் தூங்கிப்போகிறேன். நவம்பர் 22 பரீட்சை. பாஸானால் டிரைவர் வேலை, மூன்று வருஷக் காண்டிராக்ட். அக்ஷயாவை வேண்டிக்கொள்ளச் சொல்.

உன்,
காளிச்சாமி

கோவை
14-11-1995

அன்புள்ள மாமாவுக்கு,

இது பரீட்சைக்கு முன்னால் கிடைக்க வேண்டும். பயப்படாமல் இதைப் படியுங்கள். போன வாரம் உக்கடத்தில் ரோட்டைக் கடந்தேன். முதலில் இடப்பக்கம் பார்த்துக் காலை வைத்துவிட்டேன். டவுன் பஸ் வலப்பக்கமிருந்து வந்தது. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பாய்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நல்லவேளை, அக்ஷயா கூட வரவில்லை.

பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்து, "ஏனுங்க அம்மணி, எந்த ஊர்ல இப்பிடிப் பாத்து ரோட்டத் தாண்டறாங்க?" என்று கேட்டார். மஸ்கட்டில் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை நிற்கவே இல்லை.

படுத்தே கிடக்கிறேன். யோசித்து யோசித்துச் சொல்கிறேன் மாமா, தோற்றுவிடுங்கள். நம்ம ஊர்ப் பதிலையே எழுதுங்கள். கம்பெனி அனுப்பட்டும். எனக்கு நீங்கள் வேண்டும்.

ருக்மணி

மஸ்கட்
23-11-1995

அன்புள்ள ருக்மணிக்கு,

பாஸ்! நீ எழுதியதெல்லாம் அப்படியே வந்தது. ஒரு இடத்தில்கூடக் கை தடுமாறவில்லை. பாஸானது நானில்லை, நீதான். இன்றைக்கே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி மூட்டை இல்லை.

ஒரு மாதமாக உன் கடிதமே இல்லையே, கோபமா? தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடு. நான் இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

உன்,
காளிச்சாமி

கோவை
8-12-1995

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என்னுடையதும் இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். அதைக் கோபத்தில் எழுதவில்லை, மனசாரத்தான் எழுதினேன். ஆனால் படிக்க வைத்தவளும் நான்தானே, யாரைக் குறை சொல்ல? அம்மா துணைக்கு வந்திருக்கிறார்கள். கால் ஆறிவிடும். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.

நீங்கள் சொன்னபடி மிட்டாய் கொடுத்தேன். தெருவே சந்தோஷப்பட்டது. அக்ஷயா மட்டும் கை நீட்டவில்லை. "அப்பா பெயிலானா வந்துருவாருன்னு நீதானம்மா சொன்னே? அப்பறம் எதுக்கு எல்லாருக்கும் முட்டாய் குடுக்கறே?" என்று கேட்டாள்.

இதற்குப் பதிலை நீங்களே அவளுக்கு எழுதிவிடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள். இப்போது எழுத்துக் கூட்டி அவளே படிக்கிறாள்.

ருக்மணி