உன் முகத்துக்கு நிறம் வரவில்லை

என் பெயரைக் கெடுத்தவன் நீ. கள்ளக்குறிச்சியில் படம் எழுத ஆள் தேடி வருகிறவர்கள், நீ செத்தது தெரிந்த பிறகும், உன்னைப் போல் இன்னொருவன் கிடைப்பானா என்று என்னிடமே கேட்கிறார்கள். இன்று காலை வண்ணம் குழைக்கிற லின்சீட் எண்ணெய் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடையோடு உன்மேல் இருந்த எரிச்சலும் கிளம்பி வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊர்வலத்தில் தூக்கிப் போக ஓர் உழவனின் படம் வேண்டும் என்று சிலர் நம் கடைக்கு வந்தார்கள். முதலில் நான்தான் எழுதினேன். அவர்களில் பெரியவர் சிரித்தார்.

"இன்னா தம்பி, கரும்பு வெட்றவனுக்குப் பவுடர் பூசிக்கினு இருக்கிற?"

அதன்மேலேயே நீ எழுதினாய். கறுப்பு டப்பாவைத் தொடவில்லை. "கறுப்ப ஊத்துனா பொணத்து மூஞ்சி வந்துடும்டா" என்பாய். செங்காவியில் நீலம், கன்னத்து நிழலில் கொஞ்சம் பச்சை, நெற்றியில் வெயில் படுகிற இடத்தில் வெளிறிய நீலம். வேர்வை காயாத மனிதன் ஒருவன் எழுந்து நின்றான். அதே டப்பாக்களில் நான் கலந்தால் சேறுதான் வந்தது.

நீ காலனிக்காரன் என்று தெரிந்ததும், வாங்கி வந்த டீயை எனக்கு மட்டும் நீட்டினார்கள். பங்கு கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள். நான் குடிக்காமல் கீழே வைத்தேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியிலும் பொறாமைதான் இருந்தது. உன்னை அவமதித்தவர்களும் உன் படத்தைத்தான் தோளில் தூக்கிப் போனார்கள்.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த பச்சிலையும் கேட்கவில்லை.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும் என்று உன் அம்மா என்னிடம்தான் வந்தார். இருக்கிற ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை. நான் கடைசியாகப் பார்த்த உன் முகமோ மஞ்சள். வேறு நிறம் நினைவுக்கு வர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நீ கலக்கும் தட்டைத்தான் பார்த்திருக்கிறேன். உன்னைப் பார்க்கவில்லை.

நேற்று உன் அம்மா வந்து, எழுதிய வரைக்கும் பார்த்தார். "யாரு வூட்டுப் புள்ள தம்பி இது?" என்றார்.

நாளைக்குப் படம் போக வேண்டும். உன் கன்னத்தைச் சுரண்டுவதும் மறுபடி பூசுவதுமாக இருக்கிறேன். உனக்கு எல்லாம் சுலபம், சாவுகூட. ஐந்து நிமிஷம் வா. வந்து, இந்த வெளிச்சத்தில் எதிரே உட்கார்.