ஊசிக்கு வைத்த பொட்டு

8.10.2008, புதன். சிதம்பரம்

காலையிலிருந்து மூட்டம். லேபில் ஆயுத பூஜை. மைக்ரோஸ்கோப், தராசு, ஃப்ரிட்ஜ், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கூட ஆராய்ச்சி செய்யும் ரேவதி, "உன் ஆயுதம் எங்க ஸ்டெல்லா?" என்றாள். வேதக்காரி என்று ஒதுங்கினால் நன்றாக இருக்காது. ஊசி டப்பாவைக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் பொட்டு வைத்துவிட்டாள், மகராசி.

சுண்டலில் உப்பு ஜாஸ்தி.

9.10, வியாழன்

விஜயதசமி. "இன்னிக்கு ஆரம்பிச்சா வெளங்கும்டி" என்றாள் ரேவதி. சரி என்று பட்டுப்புழுக்களுக்கு இன்றே குத்தல். பாதிக்கு, செத்த கிருமியில் தோய்த்த ஊசி. மீதிக்கு வெறும் ஊசி. ஊசிகளை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டேன்.

செத்த கிருமி பட்டாலே புழுவின் உடம்பு உஷாராகி, கிருமியைக் கொல்லும் சாறு சுரந்து வைத்துக்கொள்ளும். இதுதான் என் தீசிஸ். சனிக்கிழமை எல்லாவற்றுக்கும் உயிருள்ள கிருமி. வெறும் ஊசிப் புழுக்கள் சாக வேண்டும். மற்றவை பிழைக்க வேண்டும். டிசம்பருக்குள் கொடுக்காவிட்டால் இன்னொரு வருஷம் போச்சு.

மல்பெரி இலை ஈரம் துடைக்க. சோப்பு வாங்க.

13.10, திங்கள்

எல்லாம் உயிரோடு! இரண்டு தட்டிலும் இலையை வெளுத்துக்கட்டுகின்றன. பாத்ரூமில் போய் அழுதேன்.

கைடு சார் ஊசியை லென்ஸில் பார்த்தார். அடியில் காய்ந்த சந்தனம்.

"ஆட்டோகிளேவ்ல வெச்சு ஆவியில அவிக்கலியாம்மா?"

"ஸ்பிரிட் போதும்னு நெனச்சேன் சார்."

"சந்தனத்துல இருந்த கிருமியே இதுங்கள உஷார் பண்ணிருக்கும். புழுவுக்கும் பொட்டு வெச்சிட்டீங்க."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசி பேட்ச் புழு கொஞ்சம் இருக்கிறது. மறுபடி செய்யச் சொன்னார்.

அம்மாவுக்கு போன். "என்னாடி இது, புழு பொழச்சிருச்சின்னா அழுவுற?"

14.10, செவ்வாய்

ஊசிகளைச் சந்தனம் போகத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துக் குத்தினேன். ரேவதி டப்பா பக்கமே வரவில்லை.

19.10, ஞாயிறு. கடலூர்

நல்ல மழை. வெள்ளிக்கிழமையே உயிருள்ள கிருமி கொடுத்தாயிற்று. தட்டுகள் ரேவதி பொறுப்பில்.

அம்மாவோடு பூசைக்குப் போனேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு முழித்தேன். என்னவென்று வேண்டுவது? புழு சாகட்டும் என்றா? அம்மா அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தாள். கேட்டால் சொல்லவில்லை.

20.10, திங்கள். சிதம்பரம்

வெறும் ஊசித் தட்டில் எல்லாம் கறுத்துச் சுருண்டு கிடக்கின்றன. மற்ற தட்டில் தீனி ஜோராக நடக்கிறது. தீசிஸ் பிழைத்தது. ரேவதியும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். உடனே போன்.

"செத்துச்சாடி?"

"செத்துருச்சும்மா!"

"மாதாவே, என் வேண்டுதல் வீண்போவல."

பிறகு, "பாவம்டி" என்றாள்.