கருவிக்கு ஒரு சட்டை

பிப்ரவரி 18

கருவிகள் வந்துவிட்டன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை நிறம், ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி விட்டுவிட்டு மினுக்குகிறது. அறையின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் தானே அளந்து தானே அனுப்பிவிடுமாம். இயற்பியல்காரர் ஒவ்வொன்றையும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மேஜையில் வைத்தார். எத்தனையோ விண்ணப்பம் போட்டு வாங்கியவை. டீ கிளாஸோடு பக்கத்தில் போனால் முறைக்கிறார்.

எங்கள் கூட்டணியைப் பார்த்துத் துறையே சிரிக்கிறது. வெப்பத்தை அளக்க ஓர் இயற்பியல்காரர். அந்த அளவை வைத்து எந்தத் தெருவில் வீடுகள் எப்படிக் கொதிக்கும் என்று கணக்குப் போட நான். அந்தக் கணக்கோடு சுகாதாரத் துறையிடம் போய் மல்லுக்கட்ட கொள்கை மேடம். இந்தக் கோடையில் சில தெருக்களில் குளிரூட்டிய கூடம் திறக்கப் போகிறார்கள். வெயில் உச்சத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், ஒரு நர்ஸும் இருப்பார். எந்தத் தெருக்கள் என்பதை எங்கள் வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

பயமாக இருக்கிறது. இதுவரை என் கணக்கு தப்பினால் கட்டுரை திரும்பி வரும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 22

கருவி வைக்கும் தெருக்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். அதில் அண்ணன் தெருவும் விழுந்தது. நானாகச் சேர்க்கவில்லை. கொள்கை மேடத்திடம் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன். "சரி, எழுதி வச்சுக்கறேன். ஆனா அந்தத் தெருவைப் பத்தி நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நியாயம்தான்.

கருவியைக் கொடுக்க நானே போனேன். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கட்டில், மூலையில் தண்ணீர் டிரம். இந்த மாதத்திலேயே உள்ளே நுழைந்ததும் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொள்கிறது. வேறு அறை பார் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. வாடிக்கைக்காரர்கள் எல்லாம் இந்தத் தெரு, எங்கே போவது என்பான்.

கூடவே தருகிற துண்டுச் சீட்டைப் படித்துக் காட்டினேன். 'விலை உயர்ந்த கருவி. பத்திரமாக வைத்திருக்கவும்.' இயற்பியல்காரர் எழுதியது. எங்கே வைக்க வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"கெட்டுப்போனா உன்னத் திட்டுவாங்களா?" என்று கேட்டான்.

"திட்டுறதா? தொலைச்சுக் கட்டிடுவாங்க" என்றேன் விளையாட்டாக.

கிளம்பும்போது வழக்கமான நக்கல். ஊசி போடத் தெரியாத டாக்டர் நான்தானாம். அவன் தினமும் எத்தனை ஊசி போடுகிறான், ஒரு பயல் அவனை டாக்டர் என்று கூப்பிட்டதில்லையாம்.

மார்ச் 9

எல்லா வீட்டிலிருந்தும் அளவு வர ஆரம்பித்துவிட்டது. திரையில் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே மதியச் சாப்பாட்டை மறந்தேன்.

மார்ச் 21

அண்ணன் போன் செய்தான். பள்ளிச் சீருடை ஆர்டர் குவிகிறதாம். நடுவில் என்ன சொன்னான் தெரியுமா? "உன் மிஷினுக்கு ஒரு சட்டை தச்சிருக்கேன். அளவு கச்சிதம்."

காலர் வைத்தாயா என்று கேட்டேன். இல்லையாம், ஒரே ஒரு பொத்தானாம். நல்ல ஆள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஏப்ரல் 2

வாராந்தரக் கூட்டம். இயற்பியல்காரர் அண்ணன் வீட்டுக் கோட்டைத் திரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் வீடு மலை உச்சியில இருக்கா மேடம்? தகரக் கூரைன்னு எழுதியிருக்கீங்க, இவ்வளவு குளுகுளுன்னு இருக்கே?" எல்லோரும் சிரித்தோம்.

ஈரமும் மற்ற வீடுகளைவிட அதிகம், தினமும் சில தடவை திடீரென்று ஏறுகிறது என்றார். தையல்காரன், தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவான் என்றேன். பொருந்தியது. அடுத்த வீட்டுக்குப் போனோம்.

ஏப்ரல் 6

மனசு சரியில்லை. காரணத்தை எழுதிப் பார்க்கிறேன்.

கூரை, மாடி, சன்னல், நெரிசல் இவற்றை மட்டும் வைத்து முதலில் போட்ட கணக்கில் அண்ணன் தெரு அடர்சிவப்பாக வந்தது. கருவிகளின் அளவைச் சேர்த்ததும் வெளிர்மஞ்சளாகிவிட்டது. அந்தத் தெருவில் மட்டுமில்லை, தகரக் கூரைத் தெருக்கள் பலவற்றில் இப்படித்தான். கேட்டதற்கு இயற்பியல்காரர், அளந்த எண் கையில் இருக்கும்போது ஊகத்தை நம்பினால் பிறகு கருவி எதற்கு என்கிறார். சரியான பேச்சு. நானே மாணவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேனே! எனக்குத் தெரியுமே! — தெரியும் என்றால் எப்படி? வேர்த்தது என்றா? அதற்கு அலகு என்ன? அதுவும் சொந்த அண்ணன் தெருவுக்காக நான் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அளவு சொன்னபடியே கணக்கைத் திருத்தினேன்.

ஏப்ரல் 17

வரைபடம் முடிந்து மூவரும் கையெழுத்துப் போட்டோம். கொள்கை மேடம் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பத்து வருடமாக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கண் கலங்கியிருந்தது, பார்க்காததுபோல இருந்தேன்.

ஏப்ரல் 29

கூடங்கள் திறந்துவிட்டார்கள். அண்ணன் தெருவில் இல்லை. பக்கத்தில் இருப்பதற்குக்கூட பஸ் ஏறித்தான் போக வேண்டும். போனில் சொன்னேன். "உன் கணக்குல நான் பாஸாயிட்டேன்னு சொல்லு" என்றான். வெக்கை எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "என்னை ஏன் கேக்கற? அதான் உன் ஆளு இங்க உக்காந்து எழுதி அனுப்புதே" என்றான்.

மே 10

அண்ணன் என் வீட்டுக்கு வந்தான், எனக்குத் தைத்த ரவிக்கைகளோடு. மெலிந்திருக்கிறான். சாப்பிட்டதும் மின்விசிறிக்குக் கீழே பாய்கூட விரிக்காமல் படுத்தவன், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. வாய் பிளந்து தூங்கினான். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கால்சட்டைகளை முடிக்க வேண்டுமாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, உன் மிஷின் நன்றாக இருக்கிறது, பயப்படாதே என்றான்.

நான் பயப்பட்டது மிஷினுக்காக இல்லை. அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

மே 19

அண்ணன் போய்விட்டான்.

மே 24

கீழ்வீட்டு அக்காதான் போன் செய்தாள். மெஷின் சத்தம் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே கேட்கவில்லையாம். காலையில் போய்த் தட்டியிருக்கிறாள். மெஷின் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறான். பாதி தைத்த கால்சட்டை ஊசிக்கு அடியில்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் — ஊசி போடத் தெரிந்த டாக்டர் — வெக்கை தாங்காமல் உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதித்துவிட்டது என்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அவன் அறை அவ்வளவு சூடு இல்லையே டாக்டர்" என்றேன். அவனைப் பக்கத்தில் கிடத்தியிருக்கும்போது, நின்று வாதாடினேன். சீ.

மே 30

அறையைக் காலி செய்யப் போனேன். கருவியைத் தேடினேன், காணோம். சுவரில் இல்லை, அலமாரியில் இல்லை. டிரம்முக்குப் பின்னால், அதோடு ஒட்டினாற்போல, ஒரு சின்னப் பை ஆணியில் தொங்கியது.

சட்டை தைத்திருக்கிறேன் என்றானே. தைத்திருக்கிறான். உள்ளே தண்ணீர் படாமலிருக்க ரப்பர் துணி. வெளியே கெட்டித் துண்டுத் துணி, இரண்டு மடிப்பு. பச்சைப் புள்ளி தெரிய ஒரு சன்னல், அதைச் சுற்றிப் பொத்தான் துளைக்குப் போடுகிற தையல். மேலே ஒற்றைப் பொத்தான். துணி விறைத்துக் காய்ந்து கிடந்தது. கீழே ஒரு குவளை.

கீழ்வீட்டு அக்கா கதவருகே நின்றாள். "அதுக்குத்தான் நாள்பூரா தண்ணி ஊத்திட்டிருப்பாரு. தங்கச்சி பொருளு, இந்த வெக்கையில கெட்டுப்போச்சுன்னா அவளுக்கு வேலை போயிடும்பாரு."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டாள். முட்டாள் அண்ணா. அந்தத் துணியை நனைச்சு உன் தலையில போட்டிருக்கக் கூடாதா? அதுக்கு நிழல் பார்த்தியே, உனக்குப் பார்த்தியா?

ஜூன் 1

கருவி இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அண்ணன் வீட்டுக் கோட்டை முழுக்கத் திறந்து பார்த்தேன். ஈரம் காலையில் ஏறுகிறது, முற்பகலில் ஏறுகிறது, மதியம் இரண்டு மூன்று தடவை ஏறுகிறது. இஸ்திரி என்றேனே, அது அவன் குவளையோடு எழுந்து போன நேரங்கள். மே மாதம் முன்னேற முன்னேற அடிக்கடி எழுந்திருக்கிறான்.

பதினெட்டாம் தேதி மதியம் ஓர் ஏற்றம். அதற்குப் பிறகு இல்லை. ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, துணி காய்கிறது, சூட்டின் கோடு நிமிர்ந்து மேலே போகிறது. நான் முதலில் போட்ட கணக்கு சொன்ன இடத்துக்கே போய் நிற்கிறது.

என் வாழ்க்கையில் என் கணக்கு இவ்வளவு சரியாக வந்ததில்லை.

ஜூன் 3

பையை மேஜையில் வைத்து இருவரிடமும் சொன்னேன். இயற்பியல்காரர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சீட்டை எழுதியது தான்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜூன் 12

நானும் அவருமாகக் கருவி கொடுத்த வீடுகளில் ஏறி இறங்குகிறோம். எங்கே வைத்திருந்தீர்கள் என்ற ஒரே கேள்விதான். ஒருத்தர் நகையோடு இரும்புப் பெட்டியில். ஒருத்தர் குழந்தை எடுக்காமலிருக்கக் கட்டிலுக்கு அடியில், சிமெண்ட் தரையில். ஓர் அம்மா வீட்டிலிருக்கும் ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து, ஆளே இல்லாதபோதும் விசிறியை அணைக்கவில்லை. "பத்திரமா வெக்கச் சொன்னீங்களே தம்பி, ஒரு கீறல் இல்ல பாருங்க" என்று பெருமையாகத் துடைத்துக் கொடுத்தாள். இயற்பியல்காரர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். தெருமுனை வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீடு ஓட்டையாக ஓட்டையாக, கருவியை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். மாடி வீடு, நல்ல கூரை வீடுகளில் வரவேற்பறை மேஜையில் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். அவர்கள் அளவுதான் சரியாக இருந்தது.

ஜூன் 26

கொள்கை மேடத்தோடு சண்டை. கதவை மூடிக்கொண்டு.

வரைபடம் தப்பு என்று எழுதிக் கொடுப்போம் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "தப்புன்னு ஒரு வார்த்தை போதும், மொத்தத் திட்டத்தையும் இழுத்து மூடிடுவாங்க. திறந்திருக்கிற கூடத்துல இப்ப உக்காந்திருக்கறவங்களை எங்க அனுப்புவீங்க?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் கத்தினேன். என் அண்ணன் உங்கள் திட்டத்துக்குக் காவு இல்லை என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அழுதார், நானும் அழுதேன். யாரும் யாரையும் தேற்றவில்லை.

ஜூலை 4

மேடமே எழுதிக் கொண்டுவந்தார். 'அளவிடும் முறையில் பிழை. பல தெருக்கள் விடுபட்டுள்ளன. திறந்த கூடங்களை மூடாமல், விடுபட்ட தெருக்களில் மறுபடி அளக்க அனுமதி வேண்டும்.' முதல் கையெழுத்து அவருடையது. நான் அந்தத் தெருவைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டார். விதி விதிதானே மேடம் என்றேன். மனசுக்குள் அப்படி இல்லை.

செப்டம்பர் 15

பதில் இல்லை.

டிசம்பர் 2

பதில் வந்தது. திறந்தவை அப்படியே இருக்கும். புதிதாக எதுவும் இப்போது இல்லை. மறுபடி அளந்து கொடுத்தால் 'பரிசீலிக்கப்படும்'. எங்கள் பிழையை நாங்களே கட்டுரையாக எழுதியது பற்றித் துறையில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அண்ணன் தைத்துக் கொடுத்த ரவிக்கைகளில் ஒன்றை இன்னும் பிரிக்கவேயில்லை.

பிப்ரவரி 20

மறுபடி ஆரம்பித்துவிட்டோம். சீட்டே கிடையாது, நேரில் போய்ச் சொல்கிறோம்.

அண்ணன் அறையில் இப்போது ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள், கைக்குழந்தையோடு. என்னால் படியேற முடியுமா என்று இயற்பியல்காரர் கேட்டார். ஏறினேன். மெஷின் இருந்த இடத்தில் தொட்டில் தொங்குகிறது. டிரம் அதே மூலையில். ஆணியும் இருக்கிறது.

அந்தப் பெண் கருவியை இரண்டு கையாலும் வாங்கினாள். எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள். தொட்டில் பக்கத்தில், குழந்தை தூங்குகிற உயரத்தில் என்றேன். அவள் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள்.

"இங்க ரொம்ப வெக்கைங்கக்கா. கெட்டுப்போயிடாதா?"

நான் அந்த ஆணியையே பார்த்தேன். இயற்பியல்காரர்தான் முன்னால் வந்தார். போன வருடம் டீ கிளாஸைப் பக்கத்தில் விடாத மனுஷன், நகத்தால் கருவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கெட்டுப்போனா போகட்டும்மா" என்றார். "வேற தர்றோம்."