சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம்

ஏப்ரல் 18

வெளிநாட்டு மாணவர் அலுவலக மேடத்துக்கு,

வணக்கம். நீங்களும் உங்க குடும்பமும் நல்லா இருக்கணும். நான் உங்க மேல கோபமா இருக்கேன், அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

உங்க ஆபீஸ்ல மூணாவது மேஜையில தமிழ் பேசுற மேடம் ஒருத்தங்க இருக்காங்கன்னு என் மக போன வருஷம் சொல்லியிருந்தா. அந்தத் தைரியத்துலதான் எழுதுறேன். எனக்கு டைப் பண்ண வராது. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், அதனால கையால எழுதி, நானே ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்புறேன். கோணல்மாணலா இருந்தா பொறுத்துக்குங்க.

என் மக உங்க யுனிவர்சிட்டியில இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போனவ போனவதான், இன்னும் வீட்டுப் பக்கம் வரல. இந்த மே மாசம் செமஸ்டர் முடிஞ்சதும் வரேன்னா. அவ ரூமுக்கு வெள்ளை அடிச்சோம். அவ அப்பா பஸ் டிரைவர், பதினஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டார். எங்க கல்யாணத்துக்கே மூணு நாள் லீவு போட்ட மனுஷன் அவர். இப்போ திடீர்னு போன்ல, "அம்மா, ஆபீஸ்ல போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, விசா விஷயம்"ங்கிறா. என்ன விஷயம்னு கேட்டா உனக்குப் புரியாதுங்கிறா. எனக்கா புரியாது? எங்க ஊர்ல பாதிப் பேரோட பாஸ்போர்ட் என் மெஷின்ல குப்புறப் படுத்து எழுந்ததுதான்.

அவ ஏனோதானோன்னு படிக்கிறவ இல்ல மேடம். மூணு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் லேமினேட் பண்ணி மெஷினுக்கு மேல மாட்டியிருக்கேன். கடைக்கு வர்றவங்க பார்த்துட்டுத்தான் போவாங்க. பார்க்காதவங்களுக்கு நானே காட்டுவேன். அப்படிப்பட்ட பிள்ளையை எதுக்குத் தடுக்குறீங்க? பதில் வேணும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரம்மா


ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்க கடிதம் கிடைச்சது. கோணல்மாணல் ஒண்ணும் இல்லை. என் கையெழுத்தைப் பார்த்தா நீங்க ஸ்கேன் பண்ணவே மாட்டீங்க.

நீங்க கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டமா இருக்கு. ஒரு மாணவரைப் பத்தி அவங்க சம்மதம் இல்லாம நாங்க யார்கிட்டயும் பேசக்கூடாது. பெத்தவங்ககிட்டயும் கூடாது. உங்க மக இங்கே படிக்கிறாங்களா இல்லையான்னு கூட நான் சொல்லக்கூடாது. அவங்களே வந்து சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டாத்தான் வாய் திறக்கலாம்.

ஆனா செமஸ்டர் முடியும்போது எல்லா மாணவருக்கும் ஒரு பயணச் சுற்றறிக்கை போகும். எழுதுறது நான்தான். ஊருக்கே போற காகிதம், உங்களுக்கு அனுப்புறதுல தப்பு இல்லை. இதோட இணைச்சிருக்கேன்.

படிச்சா ரொம்பக் கண்டிப்பா தெரியும். நானும் இங்கே மாணவியா வந்தவதான் அம்மா. அப்பாவுக்கு முடியலைன்னு போன் வந்ததும் கையில கிடைச்ச துணியை அள்ளிக்கிட்டு ஓடினேன். திரும்பி உள்ளே விடணும்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல பயணக் கையெழுத்து வாங்கணும்னே எனக்குத் தெரியாது. அப்பா தேறிட்டார். திரும்பும்போது ஏர்போர்ட் கவுண்டர்ல என்னை நிறுத்திட்டாங்க. ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் இந்த வேலைக்கு வந்தேன். வேற எந்தப் பிள்ளையும் அந்தக் கவுண்டர்ல போய் நிக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு வரியையும் பத்துத் தடவை பார்த்துப் பார்த்து எழுதுவேன். பிள்ளைங்க எனக்கு "கையெழுத்து ராட்சசி"ன்னு பேர் வச்சிருக்காங்களாம். இருக்கட்டும். ராட்சசி பேச்சைக் கேட்டவங்க எல்லாம் ஒழுங்கா ஊருக்குப் போயிட்டு வந்திருக்காங்க.

அன்புடன்,
மூணாவது மேஜை


ஏப்ரல் 27

மேடம்,

உங்க அப்பா தேறினதைப் படிச்சதும் நிம்மதியாச்சு. ஒரு வருஷம் போனதைப் படிச்சு வயிறு எரிஞ்சது. கோபம் பாதி குறைஞ்சுடுச்சு. மீதிப் பாதியை இப்போ காட்டுறேன்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனா ஃபாரத்துல இருக்கிற இங்கிலீஷ் நல்லா வரும். இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே தலைகீழாப் படிச்சுக்கிட்டு இருக்கேன். உங்க சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து, என் மகளோட ஃபைலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அவ பேர்ல ஒரு காகிதம் இருந்தா அதுக்கு எங்கிட்ட மூணு காப்பி இருக்கும்.

பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும்னு போட்டிருக்கீங்க. அவளுக்கு ஆறு வருஷம் இருக்கு. திரும்பி வர்ற அன்னைக்கு விசா முடிஞ்சிருக்கக் கூடாது. அது அடுத்த செப்டம்பர் வரைக்கும் இருக்கு. பயணக் கையெழுத்து வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும். பிப்ரவரியிலேயே வாங்கிட்டு, "அம்மா, ராட்சசி போட்டுட்டாங்க, நான் வரேன்"னு எனக்குப் படம் அனுப்பினா. பேரைச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க, அப்போ அது நீங்கதான்னு தெரியாது. முகவரி மாறல, ஃபீஸ் கட்டியாச்சு. அஞ்சு விதி, அஞ்சும் சரி.

அப்போ தப்பு உங்க ஆபீஸ்லதான். யாராவது வேற பிள்ளையோட பேரோட இவ பேரைக் குழப்பியிருப்பீங்க. மனுஷங்கதானே, நடக்கும். ஒத்துக்கிட்டுப் பிள்ளையை அனுப்பி வைங்க, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

ஜெராக்ஸ் கடைக்காரம்மா


ஏப்ரல் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு கவனமா என் சுற்றறிக்கையைப் படிச்ச ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. இங்கே மாணவர்கள் தலைப்பைப் பார்த்துட்டு மூடிடுவாங்க. உண்மையாவே சந்தோஷமா இருந்தது.

உங்க மகளைப் பத்தி இப்பவும் நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. எல்லாருக்கும் சொல்ற ஒண்ணை உங்களுக்கும் சொல்றேன். அந்தச் சுற்றறிக்கை ரெண்டு பக்கம்.

அன்புடன்,
மூணாவது மேஜை


மே 4

அன்புத் தங்கச்சிக்கு,

மேடம்னு எழுத இனிமே கை வராது. தங்கச்சின்னே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

"பின்பக்கம் இருக்கா?" ஒரு நாளைக்கு நூறு தடவை நான் கேக்குற கேள்வி இது. பின்பக்கம் எடுக்காமப் போய் ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வர்றவங்களை எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன். நான் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு உங்ககிட்ட சண்டைக்கு வந்திருக்கேன். உங்க கடிதத்தைப் பார்த்ததும் கடையில அசடு வழிய நின்னேன்.

ரெண்டாவது பக்கத்தை எடுத்தேன். ஆறாவது விதி, கணவன் மனைவியோட வந்தவங்களுக்கு. இவளுக்குக் கல்யாணம் ஆகல. ஆகியிருந்தா அந்த ஜெராக்ஸும் எங்கிட்ட இருந்திருக்கும். ஏழாவது, படிப்பு முடிச்சு வேலைக்குப் போறவங்களுக்கு. எட்டாவதைப் படிச்சேன். செமஸ்டர் நடுவுல ஒரு பாடத்தை விட்டவங்க, கோடை வகுப்புல அதை முடிக்கிற வரைக்கும் நாட்டை விட்டுப் போகக்கூடாது, போனா விசா செல்லாதுன்னு போட்டிருக்கு. மறுபடியும் படிச்சேன். கடையில நாலு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. மெஷின் சூடாயிடுச்சு, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உட்கார்ந்துட்டேன்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் கேக்கல. மத்த ஏழுலயும் அவளுக்குத் தடை இல்ல, எட்டு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியும். மார்ச் மாசத்துல இருந்து படிப்பு எப்படிப் போகுதுன்னு கேட்டா "போகுது"ன்னு ஒரே வார்த்தைதான். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

பாடத்தை விட்டதுக்கு எனக்கு வருத்தமே இல்ல தங்கச்சி. ஒரு பாடம்தானே, படிச்சுக்குவா. எங்கிட்ட அதைச் சொல்ல முடியாமப் போச்சேன்னுதான் வருத்தம். ஏன் முடியலைன்னு யோசிச்சேன். தலையைத் தூக்கினா மெஷினுக்கு மேல மூணு மார்க் ஷீட். நாலாவதுக்கு ஆணியும் அடிச்சு வச்சாச்சு. "உன் ஆணி காத்துக்கிட்டு இருக்குடி"ன்னு போன்ல அவகிட்டயே சொல்லிச் சிரிச்சிருக்கேன். இதுக்கு மேல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? பாராட்டுறேன் பாராட்டுறேன்னு என் பிள்ளையை நானே சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். மூணையும் எடுத்து ஃபைல்ல போட்டுட்டேன். அங்கே இப்போ கடை நேரம் எழுதின போர்டு தொங்குது.

அவ அப்பாகிட்ட சொன்னேன். காக்கிச் சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டார். அப்புறம், "ரோடு சரியில்லைன்னா வண்டியை ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆகணும், அதுல என்ன அசிங்கம்"னார். வருஷத்துக்கு ஒரு நல்ல வார்த்தை பேசுவார். இந்த வருஷத்துக்கு ஆயிடுச்சு.

எனக்கு இன்னொண்ணும் தெரியுது. அவ பொய் சொல்லல. ஆபீஸ்ல போகக்கூடாதுன்னு சொன்னது நிஜம்தான், பாதியை மட்டும் சொல்லியிருக்கா. விதியைக் காத்துல விட்டுட்டு ஓடி வரணும்னு நினைக்காம, அங்கேயே உட்கார்ந்து முடிக்கிறேன்னு இருக்கா பாருங்க, அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களையும் பிடிச்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம எங்கிட்ட இவ்வளவு திட்டு வாங்கிக்கிட்டீங்களே. என் பிள்ளை ரகசியம் உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சதுல ரொம்ப தெம்பா இருக்கு.

நேத்து அவகிட்ட பேசினேன். "ஆபீஸ்ல சொன்னா சரிதாம்மா, இருந்து முடிச்சுட்டு வா"ன்னு சொன்னேன். எதை முடிச்சுட்டுன்னு அவளும் கேக்கல. அப்புறம் நான் ஒரு பக்கம் விட்டுப்போட்டுப் பிரிண்ட் எடுத்து மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னேன், யாரோ ஒரு கஸ்டமர் காகிதம்னு மாத்தி. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சதையும் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் தொழில் பண்றவளுக்கே சறுக்குது பாருன்னேன்.

இங்கே அக்கம்பக்கத்துல ஏன் பொண்ணு வரலைன்னு கேக்குறாங்க. பழியை உங்க ஆபீஸ் மேலதான் போடுறேன். கொஞ்ச நாளைக்குச் சுமந்துக்குங்க.

உங்க அக்கா


மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

பழி சுமக்குறதுதான் எங்க ஆபீஸோட முக்கியமான வேலை. தாராளமாப் போடுங்க.

உங்க கடிதத்தைப் பலமுறை படிச்சேன். அப்போ ஒரு வரி கூட பதில் எழுத முடியல, எதை எழுதினாலும் நீங்க ஊகிச்சதுக்கு அது பதிலாயிடும். இப்போ எழுதலாம். முதல்ல இதைச் சொல்லிடுறேன்: உங்க மக இங்கேதான் படிக்கிறா. ஒரு மாசமா இதைச் சொல்ல முடியாம எனக்கு நாக்கு அரிச்சுக்கிட்டு இருந்தது.

இன்னைக்குக் காலையில ஆபீஸ் திறந்ததும் அவதான் முதல் ஆள். சம்மதப் படிவம் வேணும்னா. எதுக்குன்னு நான் கேக்கல. அவளே சொன்னா: "எங்க அம்மா உங்களுக்கு எழுதியிருப்பாங்க, எனக்குத் தெரியும். ஒரு காகிதத்தை ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டு விடுற ஆள் இல்லை அவங்க." நான் சிரிப்பை அடக்குறதுக்குப் பேனாவைத் தேடுற மாதிரி மேஜைக்கு அடியில குனிஞ்சுட்டேன்.

நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டா. "எனக்கு நேர்ல சொல்ல வாய் வரல மேடம். அம்மா ஒண்ணுமே கேக்காம, 'இருந்து முடிச்சுட்டு வா'ன்னு சொன்னாங்க, அதான் தாங்க முடியல. அவங்க எது கேட்டாலும் நீங்க எல்லாத்தையும் சொல்லிடுங்க"ன்னா. வகுப்புக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா.

இனி நீங்க எது கேட்டாலும் நான் பதில் சொல்லலாம். இந்த மேஜையில உட்கார்ந்து பதினோரு வருஷமாச்சு. சொல்லக்கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே எனக்குப் பழகிப்போச்சு. சொல்லணும்னு எனக்கு இவ்வளவு ஆசை வந்தது உங்க விஷயத்துல மட்டும்தான். கேளுங்க அக்கா.

அன்புத் தங்கச்சி


மே 24

அன்புத் தங்கச்சிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னைக்கே ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதிட்டேன். எந்தப் பாடம், எப்போ விட்டா, அழுதாளா, அப்போ பக்கத்துல யாராவது இருந்தாங்களா, சாப்பிட்டாளா, இளைச்சிருக்காளா. எழுதி ஸ்கேனர்ல வச்சு மூடியையும் மூடியாச்சு. பட்டனை அமுக்கல. தாளை எடுத்து மடிச்சு வச்சுட்டேன்.

கேக்கணும்னு எனக்கு எவ்வளவு துடிப்பா இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டா, அவ எங்கிட்ட சொல்றதுக்குன்னு ஒண்ணுமே மிஞ்சாது. வீட்டுக்குள்ள வரும்போதே எல்லாம் முடிஞ்சுபோன விஷயமாயிடும். அப்புறம் அடுத்த தடவை ஏதாவதுன்னாலும் ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுவா. எங்கிட்ட நேர்ல சொல்லலாம், சொன்னா வீடு இடிஞ்சு விழாதுன்னு அவளுக்கு ஒரு தடவை தெரியணும். அதுக்கு அவளேதான் சொல்லியாகணும்.

அதனால நான் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. படிவம் கொடுத்தும் கேக்கலையேன்னு அவ பயந்துடப் போறா. மறுபடி வந்தா, "உங்க அம்மா ஒண்ணும் கேக்கல, சிரிச்சுக்கிட்டேதான் எழுதியிருந்தாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்ல. இதை எழுதும்போது கண்ணு கலங்கித்தான் இருக்கு, ஆனா சிரிப்பும் வருது.

கோடை வகுப்பு ஜூலை இருபத்தெட்டோட முடியுதுன்னு உங்க சுற்றறிக்கையிலேயே போட்டிருக்கு, ரெண்டாவது பக்கம் கடைசி வரி. முப்பதாம் தேதி வரேன்னு நேத்து அவளே போன்ல சொல்லிட்டா. அவ அப்பா லீவை மாத்தி எழுதிக் கொடுத்துட்டார். அதுக்கு அவங்க டிப்போவுல ஒரு சண்டையே நடந்ததாம்.

எனக்கு இப்போ ஒரே ஒரு கவலைதான். அவ உட்கார்ந்து சொல்ல ஆரம்பிக்கும்போது, முதல் தடவையாக் கேக்குற மாதிரி நான் முகத்தை வச்சுக்கணும். நமக்கு அதெல்லாம் வராது, மனசுல என்ன இருக்கோ அது அப்படியே முகத்துல வந்துடும். நேத்து சாப்பிடும்போது அவ அப்பா முன்னாடி "அய்யோ, அப்படியா கண்ணு"ன்னு சொல்லிப் பார்த்தேன். தட்டுல இருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துட்டு, நம்புற மாதிரி இல்லைன்னுட்டார். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, பழகிக்கிறேன்.

உங்க அக்கா