எட்டு மாதக் கட்டி

செப்டெம்பர் 4, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில்தான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியலில் கலப்பிரிவு படிப்பித்தேன். உடம்பில் ஒரு கலம் இரண்டாகும், போதுமென்றதும் நிற்கும். நிற்காமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய் என்றேன். பின்னேரம் வேலணையிலிருந்து தங்கை கலா வந்தாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி.

“எவ்வளவு நாளா?”

“எட்டு மாசம்.”

“உனக்கென்ன விசரே? ஏன் சொல்லேல்லை?”

“மூத்தவளுக்குக் கனடாச் சம்பந்தம் பொருந்தி வருது, அக்கா. தாய்க்கு வருத்தமெண்டு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டார் விட்டிட்டுப் போயிடுவினம். தாலி ஏறட்டும், பிறகு காட்டுவம் எண்டு இருந்தனான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணம் முடியட்டும் என்று கட்டி காத்திருக்குமா? முகூர்த்தம் பார்த்தா கலம் பிரிகிறது? வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இது கான்சரா இராதுதானே, அக்கா? எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லையே. அம்மாவும் அல்சராலதானே மோசம் போனவ?”

அம்மாவுக்கும் மார்பில்தான் வந்தது, அதில்தான் இறந்தார். அப்போது கலாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அல்சர் என்று ஊருக்கும் அவளுக்கும் சொன்னவள் நான்.

“ஓம்,” என்றேன், இன்றைக்கும்.

நாளை முதல் பஸ்ஸில் அவளை யாழ்ப்பாணம் கூட்டிப்போகிறேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததா என்றுதான் டொக்டர் முதலில் கேட்பார். கலா முந்திக்கொண்டு இல்லை என்பாள்.